ஐ.பி.ஏ.வுக்கு ஹாப்ஸ் திட்டத் தாள்: காரைக்குடியிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

வீட்டில் காய்ச்சும் இந்தியா பேல் ஏல் (ஐ.பி.ஏ.) என்னும் பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவை எப்போது, எவ்வளவு, எந்தச் சூட்டில் போடுவது என்பதை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே ஒரே தாளில் கணக்கிட்டு எழுதிவைக்கும் முறையைச் சில ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். கருவியையோ செயலியையோ பற்றிய மதிப்பீடு அல்ல இது. அந்தத் தாள் எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை, காலப்போக்கில் அதன் பத்திகள் எப்படி மாறின என்பதைப் பற்றியது.

காரைக்குடியில் இருந்துகொண்டு எழுதுவதால் ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்கு மட்டும் என்றாலும் அதுதான் நிலை. பியர் காய்ச்சுவது சிங்கப்பூரில், என் தம்பி வீட்டில். அங்கே விற்பனை நோக்கம் இல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சிக்கொள்ளலாம். செட்டிநாட்டில் கடல் கடந்த உறவு இல்லாத வீடு அரிது என்பதால் இந்த ஏற்பாடு இங்கே யாருக்கும் வியப்பாக இராது: தாளை நான் இங்கே தயாரிக்கிறேன், தம்பி அங்கே அடுப்பேற்றுகிறான். நான் இங்கே செய்வது ஈஸ்ட் சேராத, துளியும் மது இல்லாத ஹாப்ஸ் சோடா. இரண்டுக்கும் தாள் ஒன்றே.

ஹாப்ஸ் பூவில் இருக்கும் மஞ்சள் நிறப் பிசினில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று ஆல்ஃபா அமிலம். அது கொதிக்கும்போதுதான் வேகமாக வடிவம் மாறி, நீரில் கரைந்து, கசப்பாகும். மற்றொன்று மிர்சீன், லினலூல், ஜெரானியால் போன்ற மணமுள்ள எண்ணெய்கள். அவை கொதிக்கும்போது ஆவியோடு போய்விடும். கசப்பு வேண்டுமென்றால் நெடுநேரம் கொதிக்கவிட வேண்டும், மணம் வேண்டுமென்றால் கொதிக்கவே விடக்கூடாது என்ற இந்த முரண்தான் ஹாப்ஸைப் பல தவணையாகப் போடுவதற்குக் காரணம். பழைய குறிப்புகள் பலவற்றிலும் கொதி முடிய 60, 30, 15, 10, 5 நிமிடங்கள் இருக்கும்போது என்று படிப்படியாக வரிசை இருக்கும். தொடக்கத்தில் எங்கள் தாளும் அப்படித்தான் இருந்தது. இப்போது அதில் மூன்றே தவணைகள் இருக்கின்றன. நிமிடப் பத்தி ஓரத்துக்குப் போய், வெப்பநிலைப் பத்தி நடுவுக்கு வந்துவிட்டது.

தாளைக் கீழிருந்து மேலாக நிரப்புவதுதான் நான் கண்ட பெரிய பயன். குடிக்கும்போது முதலில் மூக்கில் படுவது கடைசியில் போட்ட ஹாப்ஸ் என்பதால், அதைத்தான் முதலில் முடிவு செய்கிறேன். ஒரு முழுக் கணக்கைச் சொன்னால் விளங்கும். 20 லிட்டர் பியர், காய்ச்சிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றின் அடர்த்தி 1.060, கசப்பு இலக்கு 50 ஐ.பி.யு. (கசப்பை அளக்கும் அலகு), கையில் இருப்பது 12 சதவீத ஆல்ஃபா அமிலம் கொண்ட ஹாப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நொதித்து முடிந்தபின் சேர்க்கும் டிரை ஹாப்புக்கு லிட்டருக்கு 5 கிராம் வீதம் 100 கிராமை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். அடுத்து, அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு ஆறவைத்தபின் ஊறப்போடும் தவணைக்கு 60 கிராம். ஆல்ஃபா அமிலம் கசப்பாக மாறும் வேகம் சூடு குறையக் குறைய வெகுவாகக் குறைகிறது. 90 டிகிரியில் கொதிநிலையின் வேகத்தில் பாதிக்கும் கீழே, 80 டிகிரியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஆகவே 80 டிகிரியில் அரை மணி நேரம் ஊறுவது கொதியில் 5 நிமிடம் இருப்பதற்குச் சமம். கசப்பைக் கணிக்கும் கிளென் டின்செத்தின் சூத்திரப்படி அந்த 60 கிராம் தருவது சுமார் 15 ஐ.பி.யு. மீதி 35-ஐ 60 நிமிடம் கொதிக்கும் முதல் தவணை தர வேண்டும். அதற்கு 28 கிராம் போதும். கசப்பு கடைசியாக வந்து இடைவெளியை நிரப்புகிறதே தவிர, அது திட்டத்தின் தலைப்பு அல்ல.

இந்தக் கணக்கு எங்கே பிசகும் என்பதையும் தாள்தான் காட்டியது. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் ‘அடுப்பை அணைத்ததும் ஹாப்ஸைப் போடவும்’ என்று ஒரு வரி இருக்கும். அவர்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 10, 12 டிகிரியில் வரும். பாத்திரத்துக்குள் இறக்கிய செம்புக் குழாய்ச் சுருளில் அதைத் திறந்துவிட்டால் சூடு மளமளவென்று இறங்கும் என்பது அந்த வரிக்குள் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. சுருள் இல்லாமல், அடிகனமான பெரிய பாத்திரத்தை மூடி போட்டு அப்படியே விட்டுவைத்தால், நம் ஊர்ச் சித்திரை மாத அடுப்படியில் அது அரை மணி நேரம் 95 டிகிரியை ஒட்டியே நிற்கும். அதே 60 கிராம் ஹாப்ஸ் அப்போது கொதியில் 20 நிமிடம் இருந்ததற்கு ஒப்பாகி, 15-க்குப் பதிலாக ஏறத்தாழ 46 ஐ.பி.யு. தந்துவிடும். தாளில் 50 என்று எழுதியது பாத்திரத்தில் 80-ஐத் தொடும். அமெரிக்க வகை ஐ.பி.ஏ.வுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பே 40 முதல் 70 வரைதான். கசப்பு கூடிவிட்டது என்று அடுத்த முறை 60 நிமிடத் தவணையைக் குறைப்பவர்கள் பலர். நோய் இருக்கும் இடம் அதுவல்ல.

ஆகவே எங்கள் தாளில் ‘அணைத்ததும்’ என்ற சொல்லே இல்லை. சுருளில் தண்ணீரைத் திறந்து 80 டிகிரி காட்டியதும் நிறுத்து, அதன்பின் ஹாப்ஸைப் போடு, மூடி வை, அரை மணி கழித்துத் தண்ணீரை மீண்டும் திறந்து முழுமையாக ஆறவை என்றுதான் இருக்கும். குழாய்த் தண்ணீர் 30 டிகிரியாக இருந்தாலும் 100-லிருந்து 80-க்கு வருவதில் தொல்லையில்லை. சிரமம் 45-க்குக் கீழே. அங்கே குழாய்த் தண்ணீர் பலிக்காது. ஒரு வாளியில் ஐஸ் போட்டு, சிறு மோட்டாரால் அந்தத் தண்ணீரைச் சுருளில் சுற்றவிட்டுத்தான் ஈஸ்ட் போடும் பதத்துக்குக் கொண்டுவர முடிகிறது. சிங்கப்பூரில் தம்பி செய்வது இதுவே. நல்ல வெப்பமானி ஒன்று இந்தத் திட்டத்துக்கு எடைத் தராசைவிட முக்கியம் என்பது என் கருத்து.

இடைப்பட்ட தவணைகளை ஏன் எடுத்தோம் என்று கேட்பவர்களுக்கு: 15 நிமிடத்தில் போடும் ஹாப்ஸ் முழுக் கசப்பையும் தருவதில்லை, மணத்தையும் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. விலை கொடுத்து வாங்கும் மணவகை ஹாப்ஸை அங்கே கொட்டுவது வீண். ஆனால் ‘ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்’ என்னும் ஹாப்ஸ் வகையைப் போட்டுச் செய்யும் ஆங்கிலேய வகைக்கு 10 நிமிடத் தவணையை நான் இன்னும் விடவில்லை. அதன் மண்வாசனையும் மென்மையும் கொஞ்சம் கொதியைத் தாங்குகின்றன. போகிற போக்கில் ஒன்று: ஐ.பி.ஏ.வின் பெயரில் இந்தியா இருந்தாலும் அந்தப் பியர் பிறந்தது இங்கிலாந்தில்தான். லண்டன் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சனின் ஆலையிலிருந்தும் பின்னர் பர்ட்டன் நகரத்து ஆலைகளிலிருந்தும் கப்பலேறி இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்களுக்கு வந்தது. அந்தக் காலத்திலேயே பீப்பாய்க்குள் தனியாக ஹாப்ஸ் போடும் வழக்கம் இருந்தது. டிரை ஹாப் இன்று நேற்று வந்ததல்ல.

டிரை ஹாப்பில் தாள் கற்றுத்தந்தது அளவோடு நிறுத்துவதை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேஸ்கேட் வகை ஹாப்ஸை வைத்துச் செய்த ஆய்வு, லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் போகப்போக எலுமிச்சை வகை மணம் கூடுவதற்குப் பதிலாகத் தழை, தேயிலை வாடை முன்னுக்கு வருவதைக் காட்டியது. எங்கள் அனுபவமும் அதுவே. 5 கிராமில் நிறுத்தியபின் பியர் தெளிந்ததோடு நாக்கில் ஒட்டும் துவர்ப்பும் போனது. ஊறும் காலமும் அப்படியே: எண்ணெயில் பெரும்பகுதி முதல் இரண்டு நாட்களுக்குள் இறங்கிவிடுகிறது, வாரக்கணக்கில் விடுவதில் லாபமில்லை. இன்னொரு எச்சரிக்கையும் தாளின் அடியில் சிவப்பு மையில் இருக்கிறது. ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட் தொடாமல் விட்ட மாவுச்சர்க்கரையை உடைத்துவிடுவதால் அடங்கியிருந்த நொதிப்பு மறுபடி கிளம்பும். அடர்த்தி அளவு நிலையாக நிற்கிறதா என்று பார்க்காமல் புட்டியில் அடைத்தால் அழுத்தம் ஏறி புட்டி வெடிக்கவும் கூடும்.

ஹாப்ஸின் கைப்பக்குவத்தைப் பற்றி: பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் ஆல்ஃபா சதவீதத்தை ஒவ்வொரு முறையும் தாளில் புதிதாக எழுத வேண்டும். ஒரே வகை ஹாப்ஸ் அறுவடைக்கு அறுவடை மாறும். சிட்ரா வகை 11 சதவீதத்திலும் வரும், 14-லும் வரும். போன முறை 28 கிராம் போட்டோம் என்பதற்காக இந்த முறையும் 28 போட்டால் கணக்கு போட்டதற்கே பொருளில்லை. வாங்கியதை உறைபெட்டியில், காற்று போகாத பொட்டலத்தில் வைக்க வேண்டும். இங்கே கோடையில் மின்சாரம் போகும் நாட்களுக்காகத் தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் கட்டிப் பைகளோடு வைத்து, அந்தப் பெட்டியையே உறைபெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இது தாளில் இல்லாத செலவு, ஆனால் தவிர்க்க முடியாதது. வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து வந்த ஒரு பொட்டலத்தைத் திறந்தபோது பாலாடைக்கட்டி புளித்த வாடை அடித்தது. ஹாப்ஸ் காற்றும் சூடும் பட்டுக் கெட்டதன் அடையாளம் அது. அந்த மாதிரியானதை மணத்துக்கு மட்டுமல்ல, கசப்புக்கும் நம்ப முடியாது, ஏனெனில் அச்சிட்ட சதவீதம் அதில் இப்போது இல்லை.

நல்ல நிலையில் உள்ளதா என்று அறிய, இரண்டு பெல்லட்டை (ஹாப்ஸைப் பொடித்து அழுத்திய குளிகை) உள்ளங்கையில் வைத்துப் பொடித்துத் தேய்த்து, கை சூடேறியதும் முகர்வதைவிட எளிய வழி இல்லை. பச்சைத் தூள் உதிர்ந்துபோய் மஞ்சள் பிசின் ரேகைகளுக்குள் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை சிட்ராவை அப்படித் தேய்த்து, வளவில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவிடம் நீட்டினேன். “நார்த்தங்கா தோல் சீவுன கை மாதிரி மணக்குதேப்பா” என்றார்கள். அந்தச் சொல்லைத் தாளில் அப்படியே குறித்துவைத்தேன். இணையத்தில் கிடைக்கும் வருணனைகளில் வரும் பழங்களில் பாதியை நாங்கள் தின்றதில்லை.

இங்கே செய்யும் ஹாப்ஸ் சோடா, முதலில் பொழுதுபோக்காகத் தொடங்கி, இப்போது திட்டத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. புதிய வகை ஹாப்ஸை 20 லிட்டர் பியரில் பரீட்சித்துப் பார்ப்பதைவிட ஒரு லிட்டர் தண்ணீரில் பார்ப்பது மலிவு. செய்முறை சிறியது. தண்ணீரில் சிட்ரிக் அமிலம் சேர்த்து பி.எச். அளவை 4-க்கு அருகே இறக்குகிறேன். காரம் மிகுந்த போர்த் தண்ணீரில் ஹாப்ஸ் ஊறினால் முரட்டுத் துவர்ப்பும் பழுப்பு நிறமும் இறங்கும். பிறகு 75 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, லிட்டருக்கு 2 கிராம் போட்டு, கால் மணி நேரம் கழித்து நனைத்துப் பிழிந்த காடாத் துணியில் வடிகட்டி, உடனே குளிர்பெட்டியில் வைக்கிறேன். வடித்ததும் வெளிர்பச்சையாய்க் கலங்கியிருப்பது மறுநாள் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். அதை மட்டும் மெல்லச் சாய்த்தெடுத்து வாயு ஏற்ற வேண்டும். ஓரிரு நாட்களில் குடித்துத் தீர்ப்பது நல்லது.

சோடாவில் 60 நிமிடத் தவணை கிடையாது. மால்ட்டின் இனிப்பும் கெட்டித்தன்மையும் இல்லாத வெறும் தண்ணீரில் கசப்புக்கு அணைப்பு எதுவும் இல்லை; பியரில் இதமாகத் தெரியும் அளவு இங்கே மருந்தாகிவிடும். இதனால் சோடாவில் கண்டதை அப்படியே பியருக்கு எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஈஸ்ட் சும்மா இருப்பதில்லை: ஜெரானியாலைச் சிட்ரோனெல்லோல் என்னும் மணப்பொருளாக மாற்றிவிடும், அப்போது ரோஜா வாடை எலுமிச்சைப் பக்கம் சாயும். ஒரு வகை கெட்டிருக்கிறதா, வெங்காய வாடை அடிக்கிறதா, இரண்டு வகைகள் ஒன்றோடொன்று சேருமா என்பதற்கு மட்டும் சோடாவின் தீர்ப்பை ஏற்கிறேன். அந்த எல்லைக்குள் அது இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

குறைகளும் உண்டு. தாளின் ஐ.பி.யு. எண் ஒரு மதிப்பீடு மட்டுமே. ஒரே சமையலறையில் ஒரு தொகுதியை அடுத்த தொகுதியோடு ஒப்பிட உதவும், வேறொருவர் பியரோடு ஒப்பிட உதவாது. டிரை ஹாப்பும் நாக்குக்குக் கொஞ்சம் கசப்பு தருகிறது, சூத்திரத்தில் அதற்கு இடமே இல்லை. தண்ணீரின் கந்தக உப்புகள் கசப்பைக் கூர்மையாக்கும் என்பதும் அதில் வராது. ஆகவே அந்த உப்புக்காகத் தண்ணீரில் சேர்க்கும் ஜிப்சத்தின் அளவுக்கென்று ஒரு கட்டத்தை நானே சேர்த்துக்கொண்டேன். எப்போதாவது ஒருமுறை காய்ச்சுபவருக்கு இவ்வளவு எழுத்துவேலை தேவையில்லை; மூன்று தவணை, 80 டிகிரி என்ற இரண்டையும் நினைவில் வைத்தால் போதும். மாதந்தோறும் காய்ச்சி, ஒன்றிலிருந்து அடுத்ததைத் திருத்த நினைப்பவருக்குத் தாள் இல்லாமல் முடியாது.

தம்பிக்கு அடுத்து அனுப்பியிருக்கும் தாளில் அதே 60 கிராமைப் பிரித்து, 30 கிராமை 80 டிகிரியிலும் 30 கிராமை 70 டிகிரியிலும் போடச் சொல்லியிருக்கிறேன். கசப்பு கொஞ்சம் குறையும் என்பதால் முதல் தவணையை 28-லிருந்து 31 கிராமாக உயர்த்தியிருக்கிறேன். மற்றவை எல்லாம் பழையபடியே.