அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை

கனடாவின் கால்கரியிலிருந்து மூன்று வருடம் கழித்து ஊருக்கு வந்தோம். பொள்ளாச்சியில் அம்மா வீடு. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் வர முடியும் என்பதால், 2025 ஜூலைக் கடைசி. “மழை கொஞ்சம் விட்டிருக்கு, வால்பாறை போயிட்டு வந்துடலாம்” என்றார் மாமா. அம்மா, மாமா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். மொத்தம் நான்கு இரவு. முதல் இரண்டு இரவு இணையத்தில் நல்ல படங்கள் போட்டிருந்த ஒரு ரிசார்ட், அடுத்த இரண்டு மாமாவுக்குத் தெரிந்தவர் சொன்ன ஒரு ஹோம்ஸ்டே.

பாதையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆழியார் செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று வண்டியைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். 40 கொண்டை ஊசி வளைவுகளும் நல்ல தார்ச்சாலை. ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடு ஒன்று சாலையோரச் சுவரின்மேலேயே நின்றது; சின்னவன் வண்டியை நகரவிடவில்லை. ரிசார்ட்டிலும் அறை சுத்தம், வெந்நீர் வந்தது, சாப்பாட்டில் பச்சைப்புளி ரசம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய அளவுக்கு நன்றாக இருந்தது.

வரவேற்பில் இருந்தவர் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுப் பையன். எங்கள் நான்கு பேருக்கும் கனடா பாஸ்போர்ட் என்பதால் வெளிநாட்டவருக்கான சி படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதற்கு அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சரிபார்த்தார். வைஃபை பாஸ்வேர்டு சொன்னார். காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு, கேம்ப்ஃபயர் வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்று சொன்னார். “பக்கத்துல நடந்து போய்ப் பாக்க ஏதாவது இருக்கா?” என்று நானே கேட்டேன். “கேட்டுக்கு வெளியே எஸ்டேட் ரோட்டுல போனா ஒரு டீக்கடை இருக்கு சார், வ்யூ நல்லா இருக்கும்” என்றார். காட்டு விலங்கு என்ற சொல்லே அந்த அரை மணி நேரத்தில் வரவில்லை.

மாலை ஆறரை மணிக்கு அம்மாவையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு அந்த ரோட்டில் நடந்தேன். தேயிலைச் செடி இடுப்பளவு. பனிமூட்டம் கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. திருப்பத்தில் ஒரு கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. செல்போன் டவர் விளக்கு என்று நினைத்தேன். மகள் அது எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணிக்கொண்டே வந்தாள். எழுபதைத் தாண்டியிருப்பாள்.

எதிரே தோட்டத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர், தலையில் பிளாஸ்டிக் ஷீட்டை மடித்துப் போட்டபடி வேகமாக வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “அண்ணா, எங்க போறீங்க? லைட்டு எரியுது பாக்கலையா?” எனக்குப் புரியவில்லை. “யானை நிக்குதுங்க. அதுக்குத்தான் லைட்டு. பாட்டியையும் பாப்பாவையும் கூட்டிட்டு இந்த நேரத்துல நடக்குறீங்களே!” என்று அம்மாவின் கையைப் பிடித்தார். திரும்பிப் போகவும் விடவில்லை. நாங்கள் வந்த பக்கமே அவை ஏறிப்போகலாம் என்றார். பக்கத்தில் இருந்த லயன் வீட்டு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுத் திண்ணையில் எங்களை உட்கார வைத்தார். அவருடைய வீடு அது.

முக்கால் மணி நேரம் அங்கே இருந்தோம். யானையை நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம். கீழே ஓடைப் பக்கம் புல்லைப் பிடுங்குகிற சத்தம்; அப்புறம் அதைக் காலில் தட்டுகிற சத்தம், தப், தப் என்று. வேரில் ஒட்டிய மண்ணை உதறுகிறது என்று அந்த அக்கா மெல்லிய குரலில் என் மகளுக்குச் சொன்னார். ஒரு முறை பெருமூச்சு போல ஒன்று, மிக அருகில். அம்மா என் சட்டையைப் பிடித்தவர் விடவே இல்லை. பிறகு வனத்துறை ஜீப் வந்தது. குட்டியோடு நான்கு உருப்படி என்றார்கள். அதே ஜீப்பில் எங்களை ரிசார்ட் வாசலில் இறக்கிவிட்டார்கள். அவர்களுக்கும் அந்த அக்காவுக்கும் எப்படி நன்றி சொன்னாலும் போதாது.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். தேயிலையும் துண்டு துண்டான சோலைக்காடும் கலந்த இடம். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். யானைக் கூட்டங்கள் அந்தச் சோலைகளையும் ஓடைக்கரைகளையும் பிடித்துக்கொண்டு தோட்டங்களைக் கடக்கின்றன. அங்கே யானையால் நடந்த மனித மரணங்களில் பெரும்பாலானவை, யானை இருப்பது தெரியாமல் மனிதர் எதிரே போய் மாட்டிக்கொண்டதால் வந்தவை. அதனால்தான் என்.சி.எஃப். (நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்) என்ற ஆய்வு அமைப்பும் வனத்துறையும் சேர்ந்து ஒரு முன்னெச்சரிக்கை ஏற்பாட்டை உருவாக்கின. யானை எங்கே நிற்கிறது என்பது உள்ளூர் கேபிள் டிவியில் கீழே ஓடும். 2011-லிருந்து சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களின் போனுக்குக் குறுஞ்செய்தி போகிறது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் யானை இருந்தால் சிவப்பு விளக்கு மின்னும். அதைப் பொறுப்பான உள்ளூர்க்காரர்களே போனிலிருந்து எரிய வைக்கலாம். இதை முன்னின்று நடத்திய ஆனந்தகுமாருக்கு 2015-இல் இயற்கைப் பாதுகாப்புக்காகப் பிரிட்டனில் தரப்படும் விட்லி விருது கிடைத்தது. உலகமே பாராட்டிய ஏற்பாடு, நாங்கள் தங்கிய இடத்தின் வாசலிலேயே வேலை செய்துகொண்டிருந்தது. அதைப் படிக்கத் தெரியாதவர்கள் விருந்தினர்களாகிய நாங்கள் மட்டும்தான்.

அன்று இரவு வரவேற்புப் பையனிடம் கேட்டேன். தன் போனை எடுத்துக் காட்டினார். யானை எந்தத் தோட்டத்தில், எந்தப் பக்கம் நிற்கிறது என்று மாலை ஐந்தே முக்காலுக்கே செய்தி வந்திருந்தது. “ஏம்பா எங்ககிட்ட சொல்லல?” என்றேன். “சொன்னா கெஸ்ட் பயந்து ரூமைக் கேன்சல் பண்ணிடுவாங்க, யாரும் கேக்காம இதைப் பேசக் கூடாதுன்னு ஓனர் சொல்லியிருக்கார் சார்” என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படி ஒரு உத்தரவைப் போட்டவர்மேல்தான் கோபம், இன்னும் தணியவில்லை.

இதற்கு ஒரு மாதம் முன்புதான், ஜூன் 20-ஆம் தேதி, வால்பாறையில் பச்சமலை எஸ்டேட்டில் ஒரு சின்னப் பெண் குழந்தையைச் சிறுத்தை இழுத்துச் சென்றது. ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அந்தத் துக்கம் ஊர் முழுக்க இருந்த நேரத்தில், மறுநாள் காலை எங்கள் அறையிலிருந்து இருபதடி தூரத்தில் சமையல்கட்டுக் கழிவுக் குழியைப் பார்த்தேன்: மூடி இல்லை, கோழி எலும்பு மேலேயே கிடந்தது. அதற்குத் தெருநாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். இது மலையில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. கால்கரியில் நான் இருக்கும் இடத்திலிருந்து பான்ஃப் என்ற தேசியப் பூங்கா ஊர் ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே கரடியால் திறக்க முடியாத இரும்புக் குப்பைத் தொட்டிதான் ஊர் முழுவதும். கரடியிடமிருந்து 100 மீட்டர், எல்க் மானிடமிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று போகும் இடமெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு யாரும் ஊருக்குத் திரும்பிப் போவதில்லை. கூட்டம் வருடம் முழுக்கக் குறையாமல் இருக்கிறது.

சொன்னாலும் கேட்காதவர்கள் இருக்கிறார்கள், அதையும் மறைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் வால்பாறை - பொள்ளாச்சி சாலையில் யானை நின்றபோது மற்ற வண்டிகள் நின்றிருக்க, பைக்கில் முன்னேறிப் போன ஜெர்மானியப் பயணி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். ஆனால் சாலையில் நடப்பது வேறு, காசு வாங்கிக்கொண்டு ஒருவரைத் தங்க வைப்பது வேறு. 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடிக்கு அருகே, ஒரு ரிசார்ட் காட்டோரம் போட்ட கூடாரத்தில் தங்கிய இளம்பெண்ணை யானை கொன்றது. அந்த இடத்துக்கு முறையான அனுமதியே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. நீலகிரியிலும் அதே மாதம்தான் மசினகுடி யானை இறந்தது. ஒரு விடுதிப் பக்கம் வந்தபோது அதன்மேல் எரியும் துணியை வீசியிருந்தார்கள், காது வெந்துபோயிருந்தது. விலங்கோடு எப்படி இருப்பது என்று தெரியாத விடுதியால் இரண்டு பக்கமும் சாவு.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோவளத்தில் கேரளச் சுற்றுலாக் கழக ஹோட்டலின் நீச்சல் குளத்தில் ஒருவர் மூழ்கி இறந்த வழக்கில், உயிர்காப்பாளரை மது பரிமாறும் வேலைக்கும் சேர்த்து வைத்திருந்ததைச் சேவைக் குறைபாடு என்றுதான் தேசிய நுகர்வோர் ஆணையம் பார்த்தது. குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்ன 62.5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதி செய்தது. விருந்தினரின் பாதுகாப்பில் அக்கறை காட்டுவது விடுதியின் கடமை என்பதுதான் அதன் அடிப்படை. குளத்துக்குப் பொருந்துவது, தெரிந்தே யானைப் பாதையோரம் கட்டிய அறைக்கும் பொருந்த வேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்றாம் நாள் ஹோம்ஸ்டேவுக்கு மாறினோம். மெத்தை கொஞ்சம் பழசு, வெந்நீர் வாளியில்தான். வீட்டுக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும், எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையை இறக்கும் முன்பே எங்கள் ஆறு பேரையும் முற்றத்தில் நிறுத்திப் பேசினார். “ஆறு மணிக்கு மேல கேட்டுக்கு வெளிய யாரும் போகக் கூடாதுங்க. அறையிலிருந்து சாப்பிட வர்றதுக்கும் எனக்குப் போன் பண்ணுங்க, நான் டார்ச்சோட வருவேன். கண்ணு, நீ ஓடவே கூடாது, பெரியவங்க கையப் புடிச்சுக்கணும்.” பலாப்பழத்தையும் வாழைப்பழத்தையும் அறையில் வைக்க வேண்டாம் என்றார், ஒன்று கரடியை அழைக்கும், மற்றொன்று யானையை. அரிசி மூட்டையைத் தன் வீட்டிலேயே வைப்பதில்லையாம், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் டவுனிலிருந்து வாங்கி வருகிறார். செருப்பைப் போடும் முன் தட்டிப் பார்க்கச் சொன்னார். பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு நேரம், யாரைக் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். அதன் கீழே, சிவப்பு பேனாவால் ஒரு விளக்கை வரைந்து, “இது எரிந்தால் யானை அருகில் உள்ளது” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்.

இவ்வளவும் சொல்லி முடிக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. பிள்ளைகள் பயப்படவில்லை. இரவு கேபிள் டிவியில் கீழே ஓடும் எழுத்தைத் தட்டுத் தடுமாறிப் படிப்பதை மகள் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள். கால்கரியில் அவளைத் தமிழ் படிக்க உட்கார வைக்க நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் போகிறோம். வண்டி எண்ணையும் தங்கும் இடத்தையும் கேட்கும்போது, அந்தப் பகுதியில் என்ன விலங்கு, எந்த நேரம் வெளியே போகக் கூடாது என்பதையும் சேர்த்து அனுப்ப எவ்வளவு செலவாகும்? விடுதி உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, மூடிய கழிவுக்குழி, வெளிச்சமான பாதை, விருந்தினருக்கு எழுத்தில் எச்சரிக்கை இந்த மூன்றையும் நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாமே? இதையெல்லாம் எழுதி மாவட்ட நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.

ரிசார்ட்டைப் பற்றி முன்பதிவு செய்த தளத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். எழுதிய மூன்றாம் நாள் ஓனர் போன் செய்தார். இரண்டு இரவுக்கான பணத்தைத் திருப்பித் தருகிறேன், எழுதியதை எடுத்துவிடுங்கள் என்றார். பணம் வேண்டாம், அந்த விளக்கு எதற்கு என்று வரவேற்பறையில் தமிழ், மலையாளம், இந்தி, ஆங்கிலத்தில் ஒரு பலகை வையுங்கள், குழியை மூடுங்கள், இரண்டையும் படம் எடுத்து அனுப்புங்கள், நானே அதையும் சேர்த்து எழுதுகிறேன் என்றேன். பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். படம் இன்னும் வரவில்லை.