பின்னலா, டிஸ்கார்டா, மேஜிக்கா: குவாண்டம் கணினிக்கு வேகம் எங்கிருந்து வருகிறது?

குவாண்டம் கணினியின் வேகத்துக்கு என்ன காரணம் என்று கேட்டால் பெரும்பாலானோர் எண்டாங்கிள்மென்ட், அதாவது கியூபிட்களை (குவாண்டம் கணினியின் தகவல் அலகுகள்) தனித்தனியாக விவரிக்க முடியாதபடி பிணைக்கும் பின்னல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் பாதி பதில்தான்.

பின்னல் கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. தூய நிலைகளில், அதாவது இரைச்சல் கலக்காத நிலைகளில், ஓடும் கணக்கீட்டில், பின்னிக்கிடக்கும் கியூபிட் கூட்டங்கள் சிறிதாகவே நின்றுவிட்டால் அதைச் சாதாரணக் கணினியே செய்து முடித்துவிடும் என்று 2003-இல் ஜோசாவும் லிண்டனும் நிறுவினார்கள். சரி, பின்னல் மட்டும் போதுமா? நூறு கியூபிட்களை எடுங்கள். முதலாவதில் ஒரு ஹாடமார்ட் கேட் (0, 1 இரண்டையும் கலந்த நிலையைத் தரும் செயல்), அப்புறம் வரிசையாக சிநாட் கேட்கள் (இரண்டிரண்டு கியூபிட்களைப் பிணைக்கும் செயல்கள்); நூறும் ஒரே பின்னலாகிவிடும். இதே வகை கேட்களை இன்னும் எத்தனை சேர்த்தாலும், காட்ஸ்மன்-க்னில் தேற்றப்படி, அந்த நிலையை முழுசாக விவரிக்க நூறு பாலி ஆபரேட்டர்கள் (கியூபிட்களின் அடிப்படை அளவீடுகளைக் குறிப்பவை) கொண்ட பட்டியல் போதும், ஒவ்வொரு கேட்டுக்கும் பட்டியலைத் திருத்திக்கொண்டே போகலாம், அதற்கு ஒரு மடிக்கணினி தாராளம். அவ்வளவு பின்னல் இருந்தும் வேகம் இல்லை!

டிஸ்கார்ட் 2001-இல் வந்த கருத்து; பின்னல் இல்லாத இடத்திலும் இருக்கக்கூடிய ஒரு வகை குவாண்டம் தொடர்பு அது. ஒரே ஒரு கியூபிட் சுத்தமாக, மற்றதெல்லாம் முழு இரைச்சலாக இருக்கும் டிகியூசி1 என்ற கணக்கீட்டு மாதிரியில் பின்னல் சொற்பம். ஆனாலும் ஒரு யூனிட்டரி அணியின் (குவாண்டம் செயலைக் குறிக்கும் எண் அட்டவணை) டிரேஸை, அதாவது மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகையை, அது மதிப்பிட்டுவிடுகிறது, அதற்கு ஈடான சாதாரண வழி எதுவும் தெரியவில்லை. 2008-இல் தத்தா, ஷாஜி, கேவ்ஸ் மூவரும் இங்கே டிஸ்கார்டைக் கைகாட்டினார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏறக்குறைய எல்லா நிலைகளிலும் டிஸ்கார்ட் இருக்கிறது, இரண்டு பகுதிகளில் ஒன்றில் மட்டும் சேரும் இரைச்சலே அதை உண்டாக்கிவிடும். இரைச்சல் இலவசமாகத் தருவதை வளம் என்று எப்படிச் சொல்வது?

என் ஓட்டு மேஜிக்குக்கு, அதாவது மேலே சொன்ன பட்டியல் முறைக்குள் அடங்காத தன்மைக்கு. அந்தக் கேட் வரிசையில் டி கேட்களை (அந்த வகையில் சேராத ஒரு கேட்) சேர்க்கச் சேர்க்க, அந்தப் பட்டியல் முறையின் செலவு அடுக்குக்குறி வேகத்தில் எகிறுகிறது. இந்த மேஜிக்குக்கு அடியில் இருப்பது சூழல்சார்பு, அதாவது ஓர் அளவீட்டின் விடை கூடவே எதை அளக்கிறோம் என்பதைச் சாராமல் முன்கூட்டியே நிலைத்திருக்க முடியாது என்ற பண்பு, என்று 2014-இல் ஹாவர்டும் கூட்டாளிகளும் காட்டினார்கள். ஆனால் அது 3, 5, 7 போன்ற ஒற்றைப்படைப் பகா எண் பரிமாணங்களுக்கு; கியூபிட்டின் பரிமாணம் 2. கியூபிட்களில் சிக்கல் வருகிறது: மெர்மின் சதுரத்தை (இரண்டு கியூபிட்களின் ஒன்பது பாலி அளவீடுகளை மூன்றுக்கு மூன்றாக அடுக்கியது) பாருங்கள், டி கேட்டே இல்லாமல் வெறும் பாலி அளவீடுகளிலேயே சூழல்சார்பு வந்து நிற்கும்.

அதற்காகப் பின்னலை ஒதுக்கிவிட முடியாது. தனித்தனி கியூபிட்களில் டி கேட்களாகக் குவித்தாலும், ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்குப் போட்டு முடித்துவிடலாம்.