வர்தா முதல் மிக்ஜாம் வரை: மொட்டைமாடித் தோட்டத்தில் எது தாக்குப்பிடித்தது?

தோட்டச் சாமான்களுக்கு இணையத்தில் வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் பார்சலைப் பிரித்த வாரத்திலேயே எழுதப்படுகின்றன. 'பை நல்ல கனமாக இருக்கிறது, ஐந்து நட்சத்திரம்' என்று போட்டுவிடுகிறார்கள். சென்னையில் ஒரு பொருளின் லட்சணம் தெரிய, ஓர் அக்னி நட்சத்திரமும் ஒரு கார்த்திகை மாதமும் தாண்ட வேண்டும். மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் 2016-ல் செடி வைக்க ஆரம்பித்தேன். அதே வருடம் டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்தது.

வர்தா அடித்ததால் அந்த வருடம் நல்ல மழை என்றுதான் பலருக்கும் நினைப்பு. ஆனால் 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்தது. ஒரே பருவத்தில் புயலும் வறட்சியும். இங்கே மாடித்தோட்டம் போடுகிறவர்கள் இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் தயாராக வேண்டியிருக்கிறது. பெரும்பாலான சாமான்கள் ஒன்றுக்கு உதவி மற்றதில் காலை வாரிவிடும்.

முதலில் நிழல்வலை. வெயில் காலத்தில் இதற்கு ஈடில்லை. வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத வலையின் கீழ் கத்தரியும் மிளகாயும் வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து காய் குறைந்தது. 35 சதவீதத்துக்கு மாறியபின் சரியாகிவிட்டது. ஆனால் காற்றில் இதுதான் முதல் எதிரி. பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி, கட்டியிருக்கும் குழாயையும் சேர்த்து இழுக்கும். வர்தா ஓய்ந்த மறுநாள் எங்கள் வலை பக்கத்துத் தெரு மின்கம்பத்தில் தொங்கியது. குழாய்ச் சட்டம் கைப்பிடிச் சுவரின் பூச்சைப் பெயர்த்திருந்தது. அதற்குப் பிறகு கம்பி முடிச்சு எதுவும் கிடையாது, கயிறும் கொக்கியும்தான். அவிழ்க்க கால் மணி நேரம் போதும். ஐப்பசி பிறந்ததும் வலை சுருட்டி உள்ளே போய்விடும். நிரந்தரமாகப் பற்றவைத்துக் கொடுக்கிறோம் என்று வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பைகளில் எல்டிபிஇ என்னும் மெல்லிய பிளாஸ்டிக்கில் வரும் வெள்ளை நிறப் பைகள் மலிவு. இரண்டாவது கோடையிலேயே விளிம்பு அப்பளமாக நொறுங்கும். எச்டிபிஇ என்னும் உறுதியான பிளாஸ்டிக் இழையில் நெய்த பச்சைப் பைகளில் சில இன்னும் உழைக்கின்றன. அதிலும் ஒரு சூட்சுமம்: துணி நன்றாக இருக்கும்போதே அடித் தையல் நூல் இற்றுப்போகும். தூக்கும்போது அடி கழன்று மண் மொத்தமும் காலில் கொட்டும். வாங்கும்போது ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற துணிக் கனம்) எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள், தையலைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. நான் புதுப் பையைத் தூண்டில் நரம்பால் ஒரு சுற்று தைத்துவிட்டுத்தான் மண் நிரப்புகிறேன்.

இனி 2019. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். குடிக்கவே லாரிக்குக் காத்திருந்தபோது செடிக்கு யார் ஊற்றுவது? அரிசி கழுவிய நீர், ஆர்ஓ இயந்திரம் தள்ளும் கழிவுநீர், அடி ஆழத்தில் கிடந்த போர் தண்ணீர் என்று கிடைத்ததையெல்லாம் ஊற்றினோம். செடிகள் தாகத்தில் வாடவில்லை. ஈரம் இருக்கும்போதே இலை நுனி பழுப்பாகக் கருகி, கருகல் ஓரத்தில் இறங்கி உள்ளே பரவியது. பையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்தது. அது உப்பு. ஆர்ஓ கழிவுநீரில் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்துதான் வருகிறது. நிலத்தில் ஊற்றினால் கீழே இறங்கிப் போகும். பையில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிவிடும். சிக்கனமாக ஊற்ற ஊற்ற இன்னும் மோசம், ஏனென்றால் அடி வழியாக ஒரு சொட்டும் வெளியேறாது.

அந்த வருடம் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று ஏசி தண்ணீர். கிட்டத்தட்ட உப்பே இல்லாத நீர். வாளி வைத்துப் பிடித்து, போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் பெரும்பாலான செடிகள் தாங்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதிக விலையில்லை. மாடித்தோட்டத்துக்கு நான் வாங்கியதிலேயே உருப்படியான கருவி அதுதான். இரண்டாவது மூடாக்கு, அதாவது மண்ணின் மேல் பரப்பும் சருகுப் போர்வை. வேப்பஞ்சருகு, காய்ந்த வாழையிலை, ஜூஸ் கடையில் சும்மா கிடைக்கும் கரும்புச் சக்கை என எதையாவது நான்கு விரல் கனத்துக்குப் போட்டுவிட்டால், இரண்டு வேளை ஊற்றிய இடத்தில் ஒரு வேளை போதும். சக்கையைக் காயவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்புக்கு விருந்து. நல்ல மழை வந்ததும் மூடாக்கை ஒதுக்கிவிட்டு, அடி வழியாகத் தண்ணீர் ஓடும்வரை பைகளை நனையவிட்டேன். உப்பைக் கழுவ வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சொட்டுநீர் கிட்டையும் அந்தக் கோடையில்தான் மாட்டினேன். உப்புத் தண்ணீரில் சொட்டுவான்கள் ஒவ்வொன்றாக அடைத்தன. தண்ணீர் போகிறது என்ற நம்பிக்கையில் நாம் மேலே ஏறாமல் இருப்போம், அங்கே ஒரு வரிசை காய்ந்துகொண்டிருக்கும். ஊருக்குப் போகும் நாட்களுக்கு மட்டும் சரி. தினமும் பூவாளிதான். ஊற்றும்போதே மாவுப்பூச்சியும் கண்ணில் படும்.

கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள் பற்றி நிறைய பேர் கேட்பார்கள். மண்ணோடு பாதிக்குப் பாதி போட்டால் எடை குறைவு, கட்டடத்துக்கு நல்லது, எல்லாம் உண்மைதான். ஆனால் பையில் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. ஊற்றுவது பையின் ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும், நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். தொடர்மழையில் நேர்மாறாக ஊறி ஊறி வேரை அழுகவைக்கும். காற்றில் லேசான பை சாயவும் செய்யும். இப்போது நான் போடுவது செம்மண் பாதி, தொழு உரம் கால், கோகோபீட் கால். கனமான பைகளைத் தூணும் உத்திரமும் இருக்கும் சுவரோரம் மட்டும் வைக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைத் தொடாமல் சென்னைக்கு எதிரே கடலில் மெதுவாக ஊர்ந்தபோது மழை விடாமல் கொட்டியது. கீழ்வீட்டுப் பெண் குடையோடு ஏறி வந்து, "அக்கா, மாடியில குளம் கட்டி நிக்குது, உங்க தேங்காநாருதான் போய் குழாய அடைச்சிருக்கு" என்றாள். முழங்கைவரை விட்டுத் துழாவினால் நாரும் சருகும் பந்தாகச் சுருண்டு வந்தது. இப்போது மழைநீர்க் குழாயின் வாயில் கவிழ்த்த கம்பிக்கூடை, அதைச் சுற்றிக் கருங்கல் ஜல்லி. பைகள் எல்லாம் செங்கல் மேல். பைக்குக் கீழே வைக்கும் தட்டுகளை மழைக்காலத்தில் எடுத்துவிடுவேன். கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சி ஊழியர்களிடம் பாட்டு வாங்க வேண்டாமே.

புயலுக்கு அடுத்த நாள்தான் செடிகள் அதிகம் சாகின்றன. சில நாள் மூட்டத்துக்குப் பிறகு சுள்ளென்று வெயில் அடிக்கும், செடி துவளும். பார்த்ததும் தண்ணீர் ஊற்றத் தோன்றும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், உள்ளே சேறாக இருக்கும். வேருக்கு மூச்சு இல்லாமல்தான் துவள்கிறது, இன்னும் ஊற்றினால் கதை முடிந்தது. அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பக்கவாட்டில் துளை போட்டு வடியவிட்டு, இரண்டு நாள் நிழல் கொடுத்து, சூடோமோனாஸ் (வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) கரைத்துக் கொஞ்சமாக ஊற்றினால் கத்தரி, வெண்டை பிழைக்கும். தக்காளி பிழைத்து நான் பார்த்ததில்லை. உரம் எதுவும் புதுத் துளிர் வந்த பிறகுதான்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது மாடிக்கும் பொருந்துகிறது, கொஞ்சம் முந்திக்கொண்டால். புடலை, பீர்க்கை, பாகலை ஆனிக் கடைசியில் ஊன்றினால் ஐப்பசிக்குள் காய்த்து ஓய்ந்துவிடும். கார்த்திகைக் காற்றுக்குப் பந்தலில் கொடியே இருக்காது. அந்த மாதத்தில் கீரை மட்டும். மழை அடித்துப் படுத்தாலும் மறுபடி தூவி, ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம். தக்காளி நாற்றை மார்கழியில் ஜன்னலோரம் வளர்த்துத் தையில் மேலே ஏற்றுகிறேன். ஏப்ரலுக்குள் பறித்துவிட வேண்டும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி ராத்திரியும் புழுங்க ஆரம்பித்தால் பூ கொட்டும், எந்த டானிக்கும் அதை நிறுத்தாது.

இத்தனைக்கும் நடுவே அலட்டிக்கொள்ளாமல் வளர்ந்தவை கொடிப்பசலை, தவசிக்கீரை, சுண்டைக்காய். கத்தரியைக் கோடைக் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்தால் அடுத்த சுற்றும் காய்க்கும். காலிஃபிளவர், குடைமிளகாய் பக்கம் நான் போவதில்லை, போட்டோவுக்கு நன்றாக இருக்கும். முருங்கை வைத்திருப்பவர்கள் புரட்டாசி முடிவதற்குள் இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள். வெட்டிய கிளையிலிருந்து உருவிய கீரை அக்கம்பக்கத்துக்கெல்லாம் போதும்.