ஒரே எர்த் ராட், மூன்று துண்டு: டவர் வைப்பவர்கள் கவனத்துக்கு

ஹாம் ரேடியோவுக்கு (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையில் பேசும் ரேடியோ) டவர் நிறுத்தப்போகிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். மின்னலைத் தரைக்குள் இறக்கும் எர்த்திங் வேலையில் நான் நன்றாக ஏமாந்தேன். போன பணத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது, ஆறு மாதம் அந்த டவரை நம்பி நிம்மதியாக ரேடியோ பேசிக்கொண்டிருந்ததுதான்.

டவர் 15 மீட்டர், துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு. அதை நிறுத்தியதும் அடியில் கான்கிரீட் போட்டதும் நானும் நண்பர்களும். அதில் குறையில்லை. எர்த்திங்கையும் கேபிள் இழுப்பதையும் மட்டும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் விட்டேன். 2.4 மீட்டர் நீளத்தில் மூன்று எர்த் ராட் (மண்ணுக்குள் அடிக்கும் செம்புப் பூச்சுள்ள எஃகுத் தண்டு), அவற்றை இணைத்து டவரின் கால்வரை வெறும் செம்புக் கம்பி, ஆண்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், கேபிளில் வரும் மின்னலை எர்த்துக்குத் திருப்பும் மின்னல் அரெஸ்டர், கடைசியில் எர்த்தின் மின்தடையை அளந்து ஒரு சீட்டு. இதுதான் பேச்சு. ராட் அடித்த அன்று நான் வேலைக்குப் போய்விட்டேன். அது என் தவறு, மறைக்கவில்லை.

மாலையில் வந்து பார்த்தால் எல்லாம் அழகாக இருந்தது. தரைக்கு மேல் நான்கு விரல் உயரத்தில் மூன்று செம்புத் தலைகள், ஒவ்வொன்றிலும் பளபளக்கும் கிளாம்ப். மிஞ்சிய கம்பியை வெட்டி வீணாக்காமல் டவரின் காலடியில் ஆறேழு சுற்றாகச் சுருட்டி நேர்த்தியாகக் கட்டி வைத்திருந்தார். சீட்டில் 3 ஓம் (எர்த்துக்கு இது குறையக் குறைய நல்லது) என்று எழுதிக் கையெழுத்து. அன்றே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு மழை இரவு. டவரில் இடி விழவில்லை. சற்றுத் தள்ளி எங்கேயோ விழுந்தது. மறுநாள் காலையில் ரேடியோ செவிடாகிவிட்டிருந்தது, வெளிச்சம் எரிகிறது, ஒரு நிலையம்கூடக் கேட்கவில்லை. ரேடியோவோடு இணைத்திருந்த கணினியின் யுஎஸ்பி துளைகள் செத்துவிட்டன. ஆண்டெனாவைத் திருப்பும் ரோட்டேட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் கருகிய வாடை.

இந்தத் துறையில் நீண்ட அனுபவமுள்ள மூத்த நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். முதலில் அவர் கேட்டது ராடைப் பற்றி அல்ல. “டவர் எர்த்தையும் வீட்டு மின்சார எர்த்தையும் எங்கே இணைத்திருக்கிறீர்கள்?” என்றார். எங்கேயும் இணைக்கவில்லை. ரேடியோவுக்குத் ‘தனி எர்த்’ வைத்தால் இரைச்சல் குறையும் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன். அருகில் மின்னல் இறங்கும்போது நிலத்தின் மின்னழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஏறுவதில்லை. டவர் எர்த் ஒரு அழுத்தத்தில் நிற்கும், வீட்டு எர்த் வேறொன்றில் நிற்கும். ரேடியோவின் ஒரு பக்கம் கோஆக்ஸுக்குள் சுற்றியிருக்கும் வலைக்கம்பி வழியாக டவரோடும் மறுபக்கம் மின் பிளக் வழியாக வீட்டு எர்த்தோடும் இணைந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பாலமாக இருந்தது அதுதான். பாலத்தின் மேல் வெள்ளம் போயிருக்கிறது. இரண்டு எர்த்தையும் தடித்த கடத்தியால் வெளியிலேயே ஒன்றாக்கியிருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது. (நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியில் வரும் மின் வழங்கல் முறைகளும் உண்டு. அங்கே இதைச் செய்ய உரிமம் பெற்ற மின்பணியாளரைத்தான் கேட்க வேண்டும்.)

அடுத்து அரெஸ்டர். வாயுக்குழாய் உள்ள நல்ல பொருள்தான், வாங்கிக் கொடுத்தவன் நான். ஒப்பந்தக்காரர் அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் திருகிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து எர்த்துக்கு ஒரு கம்பிகூட இல்லை. எர்த் இல்லாத அரெஸ்டர் கேபிளில் கூடுதலாக ஒரு இணைப்பான், அவ்வளவே. ரோட்டேட்டர் கேபிளுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. டவரிலிருந்து வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கம்பியும் மின்னலுக்கு வழி என்பது எனக்கே அன்றுதான் மண்டையில் ஏறியது.

நண்பர் அந்த அழகான கம்பிச் சுருளைக் காட்டிச் சிரித்தார். நேரான கம்பிக்கே ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி தூண்டல் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. ஒரு மைக்ரோ விநாடியில் 20,000 ஆம்பியர் ஏறினால் அந்த ஒரு மீட்டர் கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே 20,000 வோல்ட் நிற்கும். மின்தடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இது குறையாது. அதனால்தான் எர்த் கம்பி குட்டையாகவும் நேராகவும் போக வேண்டும், திருப்பங்கள் அகலமான வளைவாக இருக்க வேண்டும், உருண்டைக் கம்பியைவிட அகலமான செம்புப் பட்டை நல்லது என்கிறார்கள். ஒப்பந்தக்காரரோ மின்னல் போகிற வழியில் கம்பியைச் சுருளாகவே சுற்றி வைத்திருந்தார். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன், அறியாமை. வீட்டு ஒயரிங் தெரிந்தவருக்கு மின்னலும் தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மோசடி அடுத்து வந்தது. நண்பர் தன் கத்தியால் கம்பியை லேசாகச் சுரண்டினார். செம்புத் தோலுக்கு அடியில் வெள்ளை வெளேரென்று அலுமினியம். மண்ணுக்குள் அலுமினியத்தைப் புதைத்தால் அரித்துத் தின்றுவிடும். டவரின் காலில், கிளாம்ப் இருந்த இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. செம்பும் துத்தநாகமும் ஈரத்தில் நேராகத் தொட்டால் துத்தநாகம் கரைந்துகொண்டே போகும். நடுவே துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி போட வேண்டும்.

பிறகு நண்பர் முறையான எர்த் டெஸ்டரைக் கொண்டுவந்தார். துணைக் கம்பிகள் இரண்டைத் தள்ளித் தள்ளி ஒரே கோட்டில் அடித்து அளக்கும் வகை. மூன்று ராடும் சேர்ந்து 48 ஓம். மல்டிமீட்டரின் ஒரு முனையை ராடிலும் மறு முனையை எங்காவது ஒரு குழாயிலும் வைத்து வாசிப்பது அளவே அல்ல என்றார். அப்போதுதான் என் மகள், “அப்பா, அன்றைக்கு அந்த மாமா வாளியில் தண்ணீர் வாங்கி உப்புப் போட்டுக் கலக்கி ஊற்றினாரே” என்றாள். உப்புத் தண்ணீர் ஊறிய மண் கொஞ்ச நாளைக்கு நன்றாகவே கடத்தும். ஆனாலும் அந்த 3 ஓம் எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. எழுத ஒரு பேனா போதுமாக இருந்திருக்கும்.

ராடுகளுக்கு இடையே ஒரு மீட்டர்தான் இருந்தது. ராடின் நீளத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருந்தால்தான் ஒவ்வொன்றும் தன் பங்கைச் செய்யும். ஏன் இவ்வளவு நெருக்கம் என்று நினைத்துக்கொண்டே ஒரு தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் அசைத்தேன். ஆடியது. இன்னும் கொஞ்சம் ஆட்டி இழுத்தேன், முள்ளங்கி பிடுங்குவதுபோல் கையோடு வந்துவிட்டது. மற்ற இரண்டும் அப்படியே. ஒவ்வொன்றும் 80 சென்டிமீட்டர். ஒன்றின் அடியில் மட்டும் கூர்முனை, மற்ற இரண்டின் அடியிலும் ரம்பத்தால் அறுத்த தடம். செம்புப் பூச்சுக்கு உள்ளே இருக்கும் எஃகு அங்கே துருப்பிடித்துப் பழுப்பாகியிருந்தது. மூன்றையும் திண்ணையில் வரிசையாக வைத்தேன். சற்றுச் சாய்வாக விழுந்த அறுவை முகங்கள் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின. மொத்தம் 2.4 மீட்டர். ஒரு ராட் வாங்கி மூன்றுக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார்.

தொலைபேசியில் அழைத்தேன்.

“சார், பாறை குறுக்கே வந்துவிட்டது. அதற்கு மேல் இறங்கவில்லை” என்றார்.

“மூன்று இடத்திலும் ஒரே 80 சென்டிமீட்டரில் பாறையா தம்பி?”

“எல்லோரும் இப்படித்தான் சார் செய்கிறோம். யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.”

அந்த ஒரு பதிலாவது உண்மை. பாறை வந்தாலும் வழி உண்டு: ராடைச் சாய்த்து அடிக்கலாம், பள்ளம் வெட்டிப் படுக்கவைத்துப் புதைக்கலாம். வந்து சரிசெய்கிறேன் என்றவர் வரவில்லை, பிறகு அழைப்பை எடுக்கவுமில்லை.

கேபிள் வேலையும் அதே தரம். வெளியிலிருந்த இணைப்பான்களில் சாதாரண பிவிசி டேப் மட்டும் சுற்றியிருந்தார். ஒன்றைத் திறந்ததும் உள்ளேயிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் சொட்டியது.

அடுத்த விடுமுறையில் நானும் நண்பரும் வேலையைப் புதிதாகத் தொடங்கினோம். முதல் முழு ராடை ஒப்பந்தக்காரர் அடித்த அதே குழியில் வைத்து அடித்தேன். சம்மட்டியின் தாளம் மாறாமல் 2.4 மீட்டரும் இறங்கியது, பாறை எதுவும் குறுக்கே வரவில்லை. தனியாக அளந்தபோது 41 ஓம். மற்ற இரண்டையும் ஐந்து மீட்டர் இடைவெளியில் அடித்து இணைத்ததும் 16. கேபிளின் வலைக்கம்பியை டவரின் உச்சியிலும் அடியிலும் டவரோடு இணைத்தோம், அரெஸ்டர்களை ஒரே செம்புத் தகட்டில் பூட்டினோம், வீட்டு எர்த்தை அதோடு சேர்க்க மின்பணியாளரை அழைத்தோம். மூடுவதற்கு முன் ஒவ்வொரு குழியையும் அளவு டேப்போடு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ரோட்டேட்டர் பெட்டி இன்னும் பழுது பார்க்கப் போன இடத்தில்தான் இருக்கிறது. அதனால் ஆண்டெனா கடைசியாகத் திரும்பிய திசையிலேயே நிற்கிறது. மூன்று துண்டுகளும் ரேடியோ மேசைக்கு அடியில் கிடக்கின்றன. இதே பேச்சோடு யாராவது உங்களிடம் வந்தால் சொல்லுங்கள், படம் அனுப்புகிறேன்.