சாண்ட்விச் பிரெட்: பாக்கெட்டா, பிரெட் மேக்கரா, ஓடிஜி மின்னடுப்பா? ஒரு டெல்லிக் கணக்கு

மாவைத் தானே பிசைந்து, பொங்கவைத்து, பிரெட்டாக வேகவைத்தும் கொடுக்கும் மிஷின்தான் பிரெட் மேக்கர். அதை வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல, மாதத்தை. டெல்லியில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடும். ஜனவரி இரவு ஐந்துக்கு இறங்கும். இட்லி மாவுக்கு இங்கே நாம் படும் பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒரு பருவத்தில் போர்வை போர்த்துகிறோம், இன்னொரு பருவத்தில் அரைத்த சூட்டோடு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளுகிறோம். ஈஸ்ட்டுக்கும் அதே பாடுதான். சென்னையில் இருந்துகொண்டு எழுதும் குறிப்பு இங்கே பாதி வருடத்துக்குப் பொருந்தாது.

பாக்கெட் பிரெட்டிலிருந்து ஆரம்பிப்போம். அதைக் கேவலமாகப் பேசுவது இப்போது ஃபேஷன். 2016-இல் சிஎஸ்இ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு டெல்லிக் கடைகளில் வாங்கிய 38 பிரெட், பாவ், பன் வகைகளைச் சோதித்து, 84 சதவீதத்தில் மாவைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்களான பொட்டாசியம் ப்ரோமேட் அல்லது அயோடேட்டின் எச்சம் இருப்பதாகச் சொன்னது. அடுத்த மாதமே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ ப்ரோமேட்டுக்குத் தடை போட்டது. ஆகவே அந்தப் பழைய செய்தியைக் காட்டி மிஷின் விற்க வருகிறவரை நம்பவேண்டாம். பாக்கெட்டில் இன்று பார்க்கவேண்டியது வேறு: பொருள் பட்டியலில் எது முதலில் நிற்கிறது என்பது. எடை அதிகமானதுதான் முதலில் வரும். 'பிரவுன்' என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பின்பக்கம் மைதாவில் தொடங்கி கேரமல் நிறத்தில் முடிகிற பாக்கெட்டுகள் உண்டு. 282 என்று இருந்தால் அது கால்சியம் புரோப்பியோனேட், பூஞ்சை வராமல் தடுப்பது. நாலு நாள் வெளியில் இருந்தும் பிரெட் கெடாமலிருப்பது அதன் தயவில்தான்.

பணத்துக்காக வீட்டில் போடுகிறேன் என்பவரிடமும் எனக்கு வழக்கு உண்டு. 400 கிராம் மைதா, கொஞ்சம் வெண்ணெய், பால், ஈஸ்ட், கரண்ட் எல்லாம் சேர்த்தால் கடை பிரெட்டின் விலையை ஒட்டி வந்துவிடுகிறது. கடை பிரெட்டைவிட லோஃப் பெரியது என்பது உண்மை. ஆனால் அந்த மிச்சத்தில் மிஷினின் விலையை எடுக்க வருடக்கணக்காகும். சுவைக்காகவும், உள்ளே என்ன போகிறது என்று தெரிவதற்காகவும் செய்யுங்கள். சிக்கனம் என்று வீட்டில் பொய் சொல்லாதீர்கள்.

மிஷின் மட்டும்

இந்த டப்பா எங்கிருந்து வந்தது என்பதே சுவாரசியமானது. 1980-களின் நடுவில் ஜப்பானின் மட்சுஷிட்டா (இன்றைய பானசோனிக்) நிறுவனத்தில் இதை வடிவமைத்தவர்கள், மாவு சரியாகப் பிசைபடாமல் திண்டாடினார்கள். மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. இகுகோ தனாகா என்பவர் ஒசாகாவின் ஒரு ஹோட்டலில் தலைமை பேக்கரிடம் போய்ப் பழகி, அவர் மாவை இழுக்கும்போதே முறுக்குகிறார் என்று கண்டுபிடித்துச் சொன்னார். அந்த முறுக்கை வரவைக்கத்தான் பாத்திரத்தின் உட்சுவரில் மேடு வைத்தார்கள். உங்கள் மிஷின் பாத்திரத்துக்குள்ளும் அப்படி ஒரு மேடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பிசைவதில் குறை சொல்லவே முடியாது. கையால் கால்மணி நேரம் மல்லுக்கட்டவேண்டிய ஒட்டுகிற மாவை, அது நாம் பல் தேய்த்து காபி போடுவதற்குள் வழவழப்பாக்கிவிடுகிறது. பேசிக் மோடில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். எங்கள் மாடி மாமி கேட்டார்: "மூணு மணி நேரம் ஓடி ஒரே ஒரு பிரெட்டா? அதுக்குள்ள நான் ஆறு ஈடு இட்லி எடுத்துடுவேனே!" எடுப்பார்தான். ஆனால் அடுப்படியில் நிற்கவேண்டுமே. மிஷின் ஓடும்போது மாமி தூங்கலாம்.

பிரச்சினை பிசைந்த பிறகு. மிஷினுக்குச் சூடாக்கத் தெரியும், குளிரவைக்கத் தெரியாது. ஜனவரியில் இதுவே வரம்: மூடிய பெட்டிக்குள் தானே இளஞ்சூடு உண்டாக்கி மாவைப் பொங்கவைக்கிறது. (தயிர் மோட் இருக்கும் மாடலில் குளிர்காலத்து இட்லி மாவைப் புளிக்கவைக்கிற வீடுகள் இருக்கின்றன. அதற்காகவே வாங்கினாலும் நான் கேலி செய்யமாட்டேன்.) மே மாதத்திலோ குழாய்த் தண்ணீரே கொதிக்கிறது, பிசைகிற உராய்வில் மாவு இன்னும் சூடேறுகிறது, கடிகாரம் மட்டும் தன் கணக்குப்படி காத்திருக்கிறது. அதற்குள் மாவு பொங்கித் தளர்ந்துவிடும். பேக் ஆகும்போது தலை உள்ளே குழிந்துபோகும். ஈஸ்ட் கெட்டுவிட்டது என்று பலர் புதுப் பாக்கெட் வாங்குகிறார்கள். பாவம், ஈஸ்ட் வேலையை மிகையாகவே செய்திருக்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டைக் கால் பங்கு குறைத்தால் தலை நிற்கும்.

வெயில் காலத்தில் இரவு டைமர் வைத்துவிட்டுப் படுப்பதானால் பால் வேண்டாம், பால்பவுடர் போடுங்கள். தண்ணீர் முதலில், மேலே மாவு, மாவில் சின்னக் குழி பறித்து அதில் ஈஸ்ட். நேரம் வரும்வரை அது நனையக்கூடாது. சில மாடல்களில் வரிசை நேர்மாறு, கையேட்டில் இருக்கும்.

சாண்ட்விச் என்று வரும்போது இன்னொரு தலைவலி: வடிவம். மிஷின் லோஃப் உயரமாக, குண்டாக, அடியில் பேடில் (மாவு பிசையும் துடுப்பு) குத்திய ஓட்டையோடு வரும். ஸ்லைஸ் போட்டால் ஒன்று கிரில்லருக்குள் நுழையாது, இன்னொன்றின் நடுவில் ஓட்டை வழியாகப் புதினாச் சட்னி ஒழுகும். மாவு கடைசி முறை பொங்குவதற்கு முன், நனைத்த விரலால் மாவைத் தூக்கி பேடிலை உருவிவிட்டு, மாவைத் தட்டி உருட்டித் திரும்ப வைத்தால் ஓட்டை விரல்நுனி அளவுக்குச் சுருங்கும். வடிவம் மட்டும் மாறாது.

கையும் ஓடிஜியும்

கையால் பிசைந்து ஓடிஜியில் வேகவைக்கிற வழி இது. நம் கையில் கட்டுப்பாடு அதிகம், செலவு குறைவு, முழங்கைக்கு வலி. மாவைப் பார்த்து நிறுத்தலாம் என்பதுதான் பெரிய லாபம்; மே மாதத்தில் முக்கால் மணியில் இரட்டித்துவிட்டால் அப்போதே தட்டிவிடலாம். ஆனால் லூ என்கிற வெயில்கால அனல்காற்று வீசும் நாளில் ஈரத்துணி போட மறந்தால் மாவின் மேல் பொருக்குத் தட்டிவிடும். ஜனவரியில் பொங்கவே அரைநாள் ஆகும். வாரத்துக்கு இரண்டு லோஃப் தேவைப்படும் வீட்டில் இந்த உற்சாகம் நீடிக்காது என்பது என் அபிப்பிராயம். தினமும் சப்பாத்திக்குப் பிசைகிற கைக்கு இன்னொரு பிசைவேலையா?

மாவு மிஷினில், வேகவைப்பது ஓடிஜியில்

சாண்ட்விச்சுக்கு என் ஓட்டு இதற்கே. மாவு மட்டும் தயாரிக்கிற டோ மோடில் ஒன்றரை மணி நேரம்: பிசைந்து, முதல் முறை பொங்கவைத்து, மாவை நம் கையில் கொடுத்துவிடும். வெயில் நாளில் அது முடிவதற்கு முன்பே மூடியைத் திறந்து எடுத்துவிடலாம், மிஷின் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

மைதா 400 கிராம், பாலும் தண்ணீருமாக 255 மில்லி, உப்பு 8 கிராம், சர்க்கரை 20, வெண்ணெய் 25, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5. ஜனவரிக்கு வெதுவெதுப்பான தண்ணீர். ஜூலை, ஆகஸ்டில் மாவே காற்றிலிருந்து ஈரம் குடித்திருக்கும். 15 மில்லியை நிறுத்திவைத்துப் பிறகு தேவைக்கு ஊற்றுங்கள். பிசையத் தொடங்கிப் பத்தாவது நிமிடம் மூடியைத் திறந்து பார்ப்பது கட்டாயம். மாவு ஒரே உருண்டையாகச் சுற்றவேண்டும், பக்கச்சுவரை விட்டு விலகியிருக்கவேண்டும், அடியில் மட்டும் லேசாக ஒட்டவேண்டும். சப்பாத்தி மாவின் கெட்டி இருந்தால் தண்ணீர் போதவில்லை.

மென்மை இன்னும் ரெண்டு நாள் நிற்கவேண்டுமா? மேலே சொன்ன மைதாவிலிருந்து 20 கிராம் எடுத்து, அளந்த திரவத்திலேயே 100 மில்லியில் கரைத்து, கரண்டி போன தடம் தெரியும்வரை கஞ்சி காய்ச்சி ஆறவிட்டுச் சேருங்கள். கஞ்சியாகிவிட்ட மாவு கூடுதல் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. நான் முயன்றவற்றில் கடை பிரெட்டின் மென்மைக்கு அருகில் கொண்டுபோனது இந்தக் கஞ்சிதான்.

பிறகு மாவைத் தட்டி, பாய் போல இறுக்கிச் சுருட்டி, விளிம்பு அடியில் வரும்படி டின்னில் வைக்கவேண்டும். சதுர ஸ்லைஸ் வேண்டுமென்றால் மூடிபோட்ட புல்மேன் டின். விளிம்புக்கு ஒரு விரல் கீழே மாவு நிற்கும்போது மூடியைத் தள்ளிவிடுங்கள். 190 டிகிரியில் 35 நிமிடம். மூடியில்லாத டின்னாக இருந்தால், சின்ன ஓடிஜியில் மேல்கம்பி மிக அருகில் இருப்பதால் பாதியில் ஃபாயில் மூடவேண்டிவரும்.

கரண்ட் செலவில் மிஷினுக்கே வெற்றி. 600 வாட் மிஷின் முழு பிரெட்டுக்கும் அரை யூனிட்டை ஒட்டி எடுக்கும். ஓடிஜி ப்ரீஹீட்டோடு சேர்த்து அதற்கு மேல் போகும். வித்தியாசம் சில ரூபாய்தான், அதற்காக வடிவத்தை விட்டுக்கொடுக்கவேண்டாம்.

ஆட்டா பிரெட் தனிக் கதை. டெல்லிச் சக்கி ஆட்டா சப்பாத்திக்கு அருமை, பிரெட்டுக்கு முரண்டு பிடிக்கும். தவிடு பசைத்தன்மையை அறுத்துவிடும், தண்ணீரும் அதிகம் குடிக்கும். பாதி ஆட்டா பாதி மைதா என்றால் மிஷினோ ஓடிஜியோ எதிலும் வரும். முழு ஆட்டா என்றால் கப்புக்கு ஒரு டீஸ்பூன் குளூட்டன் (கோதுமையின் பசைச்சத்து) பொடியும் கூடுதல் தண்ணீரும் வேண்டும். ஐஎன்ஏ மார்க்கெட்டில் பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஈஸ்ட்டும் அங்கேயே வாங்கலாம். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

எந்த வழியில் செய்தாலும் சூட்டோடு வெட்டாதீர்கள், ஒரு மணி நேரமாவது ஆறட்டும். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டுபோகும். ஸ்லைஸ் போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராக டோஸ்டருக்கு மாற்றுங்கள்.

டோ மோட் மட்டும் போதும் என்றால் புது மிஷினே தேவையில்லை. லாக்டவுன் ஆர்வத்தில் வாங்கி லாஃப்ட்டில் ஏறிய மிஷின்கள் இந்த ஊரில் நிறைய, பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்: பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் அடித்தண்டு வழியே கசிகிறதா, உள்பூச்சு உரிந்திருக்கிறதா, பேடில் கூடவே இருக்கிறதா. மூன்றாவதை விற்பவர்கள் எங்கோ தொலைத்திருப்பார்கள். தனியாக வாங்கப்போனால் அதே மாடலுக்குக் கிடைக்காமல் போகலாம்.