அரைகுறையாய் நின்ற பாய்மரப் படகு: நாலு பார்த்தோம், ஒன்றை எடுத்தோம்

இங்கிலாந்தில் எந்த ஊர்ப்பக்கம் போனாலும் யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் தார்பாய் போர்த்திய ஒரு படகு கிடக்கும். முக்கால்வாசி அவரே கட்ட ஆரம்பித்ததாக இருக்கும், முக்கால்வாசி முடியாததாகவும் இருக்கும். இதற்கு ஒரு காரணம் மிரர் டிங்கி. 1960களின் தொடக்கத்தில் ஒரு நாளிதழ் தன் பெயரிலேயே கொண்டுவந்த சின்னப் படகு அது. பிளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் பசையும் கண்ணாடியிழை நாடாவும் ஒட்டினால் படகு தயார். எழுபதாயிரத்துக்கும் மேல் மிதந்தது. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு "இதையே கொஞ்சம் பெரிசாகச் செய்தால் என்ன" என்று தோன்றிவிட்டது. அந்தக் கொஞ்சத்தில்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள்.

நானும் என் நண்பனும் (தூத்துக்குடிக்காரன், தாத்தா தோணியில் போனவர் என்பதால் படகைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை பிறப்பிலேயே உண்டு என்று நம்புகிறவன்) கடந்த ஆறேழு மாதத்தில் எசெக்ஸ் பக்கம் நாலு படகைப் பார்த்தோம். மூன்று அரைகுறை, ஒன்று முழுசாக ஓடிக்கொண்டிருக்கும் பழசு. அந்த நாலையும் அருகருகே வைத்துச் சொல்கிறேன். இதே யோசனையில் இருக்கிறவர்களுக்கு உதவலாம்.

முதலில் ஒரு கணக்கு. விற்கிறவர் எல்லோரும் "ஹல் முடிஞ்சுது, இனி சின்னச் சின்ன வேலைதான்" என்பார்கள். ஹல் என்பது படகின் உடம்பு. மொத்தச் செலவிலும் உழைப்பிலும் அது சுமாராக மூன்றில் ஒரு பங்கு, சில படகில் அதைவிடக் குறைவு. மேல்தளம், பாய்மரம், பாய்கள், வடங்கள், இன்ஜின், மின்சாரம், குடிநீர், கழிவறை, ஜன்னல், வின்ச், நங்கூரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். வீடு கட்டியவர்களுக்குப் புரியும், தளம் போட்டதும் பாதி முடிந்ததுபோல் தெரியும், அதற்குப் பிறகுதான் பணம் தண்ணீராக ஓடும்.

ஃபெரோசிமெண்ட் படகில் அதிக நேரம் செலவழிக்கவில்லை. இரும்புக் கம்பி, கோழிவலை, அதன்மேல் சிமெண்டுப் பூச்சு, மொத்தமே ஓர் அங்குலத் தடிமன்தான். 1848-லேயே பிரான்சில் லாம்போ என்பவர் இப்படி ஒன்று கட்டியிருக்கிறார், நம்ப முடியாத யோசனை எல்லாம் இல்லை. நன்றாகக் கட்டியது பல பத்தாண்டுகள் மிதக்கும். சிக்கல் என்னவென்றால் பூச்சு வேலையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும், அன்றைக்குக் கொத்தனார் எப்படி வேலை செய்தார், உள்ளே எங்கே காற்று அடைபட்டது என்பது இன்றைக்கு வெளியிலிருந்து தெரியவே தெரியாது. ஆய்வாளர்களும் கையை விரிப்பார்கள், காப்பீடு கிடைப்பது கஷ்டம், விற்பது அதைவிடக் கஷ்டம். நண்பன் ஒருமுறை சுற்றி வந்தான், தட்டிப் பார்த்தான். "மாப்ள, இது தண்ணித் தொட்டி. தண்ணி உள்ளே இருக்கணுமா வெளியே இருக்கணுமாங்கறதுதான் கேள்வி." இலவசமாகக் கொடுத்தார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

அடுத்தது 34 அடி ஸ்டீல் படகு, கேட்ட விலை 4,000 பவுண்டு. இதில்தான் கிட்டத்தட்ட விழுந்தோம். உள்ளே போனால் தேக்குப் பலகையில் அருமையான சமையலறை, அலமாரிக் கதவுகளில் கைவேலை. பிறகுதான் மெதுவாகப் புரிந்தது, விற்கிறவர் நான்காவது சொந்தக்காரர். நாலு பேரும் ஆசையான வேலையை மட்டும் செய்துவிட்டுக் கைமாற்றியிருக்கிறார்கள். கீல், அதாவது படகு கவிழாமல் இருக்க அடியில் இறங்கி நிற்கும் பகுதி, வெறும் பெட்டி, உள்ளே எடை இல்லை. இந்த வகைப் படகில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அங்கே உட்கார வேண்டும், அதாவது டன் கணக்கில் ஈயம். அதை இறக்க வேண்டுமென்றால் அந்த அழகான சமையலறைத் தரையைப் பிய்த்தாக வேண்டும்!

ஸ்டீலுக்குத் துரு வெளியிலிருந்து வருவதில்லை, அல்லது வந்தாலும் கண்ணுக்குத் தெரியும், சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். கொல்வது உள்பக்கத் துரு. விலா எலும்புபோல் ஓடும் சட்டங்களின் மூலையில் தண்ணீர் தேங்கும், அங்கிருந்து அரிக்கும். இந்தப் படகில் உட்சுவர் முழுக்க நுரை தெளித்து மூடியிருந்தார்கள், குளிருக்கு நல்லது, ஆனால் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. நாளைக்கு வெல்டிங் வேண்டுமென்றால் அந்த இடத்து நுரையை எல்லாம் பெயர்க்க வேண்டும், பெயர்க்காமல் வைத்தால் தீப்பிடிக்கும், விஷப்புகை வரும். நுரை அடிக்கும் முன் மணல் வீச்சு போட்டுத் துருவை எடுத்தார்களா என்று கேட்டேன். "எனக்கு முந்தினவர் செய்திருப்பார்" என்றார்.

இன்ஜினையும் சொல்ல வேண்டும். "புத்தம் புதுசு, ஒரு மணி நேரம்கூட ஓடலை" என்றார். 2009-ல் வாங்கியது, ஈரக் கொட்டகையில் ஒருமுறைகூட ஓடாமல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பேனர் போட்டுச் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. ஓடி ஓடித் தேய்ந்த டீசல் இன்ஜினைவிட ஓடாமலே கிடந்தது ஆபத்து. அதைப் புதுசு என்று விலையில் சேர்ப்பது தனிக் கொடுமை.

ஓடுகிற பழசு, வெஸ்டர்லி சென்டார். 26 அடி, கண்ணாடியிழை, 1969-லிருந்து 1980 வரை 2,400-க்கும் மேல் தயாரித்தார்கள். 3,500 பவுண்டு, இன்ஜின் ஓடியது, பாய் கொஞ்சம் தொய்வு. இரண்டு கீல் இருப்பதால் நீர் வற்றும்போது சேற்றில் நிமிர்ந்து உட்காரும். எசெக்ஸ் கடற்கரையில் இது பெரிய விஷயம், ஓடைகள் எல்லாம் வற்றத்தில் வெறும் சேறு, அங்கே கட்டிப்போட வாடகையும் குறைவு. அந்த இரட்டைக் கீல் உடம்போடு சேரும் இடம்தான் இதன் தெரிந்த பலவீனம், படகு தரையில் நிற்கும்போது கீலைப் பிடித்து ஆட்டினால் மேலே நெளிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்த பலவீனம் என்பதே ஒரு நிம்மதி. இத்தனை பேர் ஓட்டியிருக்கிறார்கள், எங்கே உடையும் என்று யாரோ ஏற்கெனவே உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். வருகிற கோடையில் கடலில் இருக்க வேண்டும் என்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம், இப்படி ஒன்றை வாங்கிவிடுங்கள். செலவையும் நேரத்தையும் மட்டும் பார்த்தால் மற்ற மூன்றும் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

நான் எடுத்தது இதை இல்லை.

நாலாவது, டிக்கி 26. ஜேம்ஸ் வாரம் (James Wharram) என்பவர் வடிவமைத்த, பிளைவுட்டில் கட்டும் இரட்டை உடல் படகு. 1955-56-ல் தானே கட்டிய இருபத்துமூன்றரை அடிப் படகில் இரண்டு ஜெர்மானியப் பெண்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தவர், பிறகு வாழ்க்கை முழுக்க "நீங்களே கட்டுங்கள்" என்று வரைபடம் விற்றவர். இதைவிடச் சின்ன டிக்கி 21-லேயே ஒருவர் உலகைச் சுற்றி வந்திருக்கிறார். இரண்டு உடலையும் சேர்க்கும் குறுக்குச் சட்டங்களை இதில் போல்ட் போட்டு முறுக்குவதில்லை, கயிற்றால் வரிந்து கட்டுகிறார்கள். நண்பனுக்கு ஒரே குஷி, "கட்டுமரம்டா இது!" வார்த்தை நம்முடையதுதான், ஆனால் ஜேம்ஸ் வாரம் பார்த்துக் கற்றது பாலினேசியத் தீவுகளின் இரட்டை ஓடங்களை, நம் கட்டுமரத்தில் இரண்டு உடலே கிடையாது என்று சொன்னேன். கட்டுவது கயிறுதானே என்றான். விட்டுவிட்டேன்.

இதில் எனக்குப் பிடித்தது சொந்தக்காரர் காட்டிய வரைபடம். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் பென்சிலில் ஒரு டிக், ஒரு தேதி. கடைசி டிக் செப்டம்பர் 2014. இரண்டு உடலும் முடிந்து, குறுக்குச் சட்டம் பாதியில் நிற்கிறது. ஏன் நிறுத்தினீர்கள் என்றதற்குத் தோளைத் தொட்டுக் காட்டினார், கையை மேலே தூக்க முடியவில்லை. நிறுத்திய காரணம் அவர் உடம்பில் இருந்தது, படகில் இல்லை. ஸ்டீல் படகுக்காரரிடம் இதே கேள்விக்குப் பத்து நிமிடம் பதில் வந்தது.

இருந்தாலும் நம்பிவிடவில்லை. பிளைவுட்டில் மழைத்தண்ணீர்தான் எதிரி, உப்புத்தண்ணீர் அவ்வளவாக உளுக்க வைக்காது. அதனால் தார்பாய் எங்கே குழிந்து தண்ணீர் தேங்கியிருந்ததோ அதற்கு நேர் கீழே ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனோம். டொக் டொக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் பொத் என்றது. இடது உடலின் பின்பக்கம், இரண்டு கையகலம். வெட்டி ஒட்டலாம். எபாக்சியை (இரண்டு திரவத்தைக் கலந்து பூசும் பிசின்) நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தால் கலவை விகிதம் தப்பு, விழவில்லை. எபாக்சி காயும்போது மேலே மெழுகுபோல் ஒரு படலம் வரும், அதைத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த கோட் அடித்தால் பின்னால் தோலாக உரியும். ஓர் ஓரத்தில் நாணயத்தால் சுரண்டியபோது அப்படித்தான் உரிந்தது. அந்த இரண்டு குறையையும் காட்டித்தான் 1,500-ஐ 700 ஆக்கினோம்.

பிளைவுட்டும் நல்லதுதானா என்று தெரிய வேண்டாமா? மீதமிருந்த துண்டு ஒன்றை வாங்கி வந்து வீட்டில் வேக வைத்தேன். பசை மட்டமென்றால் அடுக்குகள் பிரிந்துவிடும். ஒரு மணி நேரம் கொதித்தும் பிரியவில்லை. "சாம்பார் பாத்திரத்துலயா போட்டீங்க?" என்று வீட்டில் எழுந்தது தனி வழக்கு, அது இன்னும் முடியவில்லை.

கொண்டுபோவதிலும் டிக்கிதான் ஜெயித்தது. இந்த ஊர்ச் சாலையில் 2.9 மீட்டருக்கு மேல் அகலமான சுமைக்குப் போலீசுக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும், 3.5-க்கு மேல் போனால் கூடவே ஓர் ஆள் வர வேண்டும். ஸ்டீல் படகுக்குக் கிரேன், லாரி என்று விலையில் பாதி அங்கேயே போயிருக்கும். டிக்கியின் உடல்கள் தனித்தனியாக, ஒல்லியாக, ஒரு டிரெய்லரில் இரண்டு நடையில் வந்து சேர்ந்தன.

காகிதத்தை யாரும் நினைப்பதில்லை, நானும் நினைக்கவில்லை, டிக்கியை விற்றவர்தான் ஒரு ஷூ பெட்டியைக் கையில் கொடுத்தார். பிளைவுட், எபாக்சி, கண்ணாடியிழை எல்லாவற்றுக்கும் ரசீது. வரி கட்டிய பொருளில்தான் கட்டினோம் என்பதற்கு அதுதான் ஆதாரம். இன்னொன்று, சொந்த உபயோகத்துக்குக் கட்டிய படகுக்குப் பாதுகாப்புத் தரச் சான்றிதழ் விதியிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் தண்ணீரில் இறக்கி 5 ஆண்டு விற்கக் கூடாது. அதற்குள் விற்கத் தோன்றினால் காசு செலவழித்துப் பரிசோதனை செய்து சான்று வாங்க வேண்டும். கட்டி விற்று லாபம் பார்க்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போடுங்கள்.

நேரக் கணக்கு இப்படி. குளிரில் எபாக்சி ஒழுங்காகக் காயாது, பத்து டிகிரிக்குக் கீழே நான் தொட மாட்டேன். ஆக ஏப்ரலிலிருந்து அக்டோபர், முப்பது வார இறுதி, வாரத்துக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு முந்நூறு. எனக்குத் தெரிந்தவரை இன்னும் அறுநூறு மணி நேர வேலை. இரண்டு கோடை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன், நண்பனிடம் மூன்று என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை கொட்டகைக்குள் ஏழு டிகிரி. ஏப்ரல் வரைக்கும் அந்த உரிகிற கோட்டைத் தேய்த்து எடுக்கும் வேலைதான்.