ஹாஃப் அயர்ன்மேனுக்கு ரோட் பைக்ல கிளிப்-ஆன் போதுமா, டிடி பைக்கே வாங்கணுமா?

முதல் ஹாஃப் அயர்ன்மேனுக்கு, அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் அடுத்தடுத்து முடிக்கிற டிரையத்லானுக்கு, பேர் குடுத்த அன்னிக்கு ராத்திரி எல்லாரும் பண்ற வேலை ஒண்ணு இருக்கு. 1.9 கிலோமீட்டர் நீந்த வருமான்னு யோசிக்க மாட்டோம், டிடி பைக் (டைம் ட்ரையலுக்கு, அதாவது தனியா நேரத்தோட போட்டி போட்டு ஓட்டறதுக்குன்னே செஞ்ச சைக்கிள்) என்ன விலைன்னு தேடிக்கிட்டு உக்காந்திருப்போம். நானும் அதத்தான் பண்ணேன், விடியக்காலை ரெண்டு மணி வரைக்கும். அப்புறம் வாங்கல, காசு இல்ல, அவ்ளோதான் காரணம். இருந்த ரோட் பைக்ல (வளைஞ்ச ஹேண்டில்பார் வச்ச வழக்கமான ரேஸ் சைக்கிள்) கிளிப்-ஆன் ஏரோ பார், அதாவது ஹேண்டில்பார் மேல கவ்வி முழங்கைய வச்சு குனிஞ்சுக்கற ரெண்டு குழாய், மாட்டிக்கிட்டு போனேன். ரெண்டாவது ரேஸுக்கு ஃப்ரெண்ட் கிட்ட டிடி பைக் கடன் வாங்கி ஓட்டினேன். ரெண்டையும் ரேஸ்லயே ஓட்டிப் பாத்ததால இத எழுதறேன். என்னைய மாதிரி ஆறரை ஏழு மணி நேரத்துல முடிக்கிற ஆளுங்களுக்கான பேச்சு இது, அஞ்சு மணி நேரத்துக்குள்ள முடிக்கிறவங்க அப்படியே தாண்டிப் போயிடுங்க.

முதல்ல கணக்கு பாத்துடுவோம். நம்ம மாதிரி ஆளுக்கு நீச்சல் ஒரு 50 நிமிஷம், 90 கிலோமீட்டர் பைக் மூணே கால் மணி, 21.1 கிலோமீட்டர் ஓட்டம் ரெண்டே கால்ல இருந்து ரெண்டரை மணி. அதாவது மொத்த நேரத்துல பாதி சீட் மேலதான் போகுது. 28 கிமீ வேகத்துல 90 போனா 3 மணி 13 நிமிஷம், 29ல போனா 3 மணி 6 நிமிஷம், 30ல போனா சரியா 3 மணி. ஒரு கிமீ வேகம் கூடினா ஆறேழு நிமிஷம் மிச்சம். இத பாத்துட்டுதான் பைக் மேல ஆசை வருது, தப்பில்ல. ஆனா அடுத்த கணக்கையும் போடணும்ல, ஓட்டத்துல ஒரு கிலோமீட்டருக்கு 30 செகண்டு மெதுவா போனா பத்தரை நிமிஷம் காலி. பைக்ல சம்பாதிச்சத எல்லாம் ஓட்டத்துல வட்டியோட திருப்பிக் குடுக்கற ஆட்டம் இது.

சரி, காத்து. சமதரைல 30 கிமீ வேகத்துல போறப்ப நீங்க மிதிக்கிறதுல பெரும்பகுதி காத்த தள்ளத்தான் போகுது, அந்த காத்துலயும் ஏறக்குறைய முக்கால் பங்கு தடுக்கிறது உங்க உடம்புதான், பைக் இல்ல. அதனால ஃபிரேம் எவ்ளோ கத்தி மாதிரி இருக்குங்கிறத விட நீங்க எப்படி குனிஞ்சு உக்காந்திருக்கீங்க, கை ரெண்டும் உள்ள வந்திருக்கா, தலை தூக்கிட்டு நிக்குதா, இதெல்லாம்தான் பேசும். கிளிப்-ஆன் மாட்டின ரோட் பைக் கிட்டத்தட்ட அதே உடம்பு பொசிஷன குடுத்துடுது. டிடி பைக் அதுக்கு மேல கொஞ்சம் குடுக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா முதல் பெரிய லாபம் அந்த ரெண்டு குழாய்லயே கிடைச்சிடுது. 1989 டூர் டி பிரான்ஸ் கதை கேள்விப்பட்டிருப்பீங்க. கடைசி நாள் 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல், 50 செகண்டு பின்னாடி இருந்த கிரெக் லெமாண்ட், டிரையத்லான்காரங்க அதுக்கு முன்னாடியே பயன்படுத்திட்டிருந்த ஏரோ பார மாட்டிக்கிட்டு வந்தாரு. முன்னாடி இருந்த லாரன் ஃபிஞ்யோன் அந்த பார் இல்லாம, ஹெல்மெட்டும் போடாம, குடுமி காத்துல ஆட வந்தாரு. மொத்த டூரையும் லெமாண்ட் ஜெயிச்சது வெறும் 8 செகண்டுல. அந்த 8 செகண்டுக்கு பார் மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது, ஆனா அதுக்கப்புறம் டைம் ட்ரையல்ல அந்த பார் இல்லாம வர்றவங்கள பாக்கறதே அபூர்வம் ஆயிடுச்சு.

இப்ப டிடி பைக் நிஜமா எங்க ஜெயிக்குதுன்னா, இடுப்புல. ரோட் பைக்ல சீட்ட தாங்குற ஃபிரேம் குழாய் (சீட் டியூப்) ஏறத்தாழ 73 டிகிரில சாஞ்சிருக்கும், சீட் பின்னாடி தள்ளி இருக்கும். அதுல உக்காந்து ஏரோ பார்ல குனிஞ்சா தொடையும் வயிறும் முட்டிக்கும், மூச்சு இழுக்கவே இடம் இருக்காது, எனர்ஜி ஜெல் ரெண்டு உள்ள போன பிறகு கேக்கவே வேணாம். டிடி பைக்ல அது 77, 78னு நிமிர்ந்து நிக்கும், மொத்த உடம்பும் முன்னாடி உருண்டு வந்து குனிஞ்சாலும் இடுப்பு திறந்தே இருக்கும். இறங்கி ஓடறப்ப இந்த வித்தியாசம் தெரியும்னு நெறைய பேர் சொல்லுவாங்க, சரியா ஃபிட் பண்ணின பைக்கா இருந்தா நானும் ஒத்துக்கறேன். ரோட் பைக்லயும் இத ஓரளவு சரிக்கட்டலாம், சீட்ட முன்னாடி தள்ளலாம், பின்னாடி வளைவு இல்லாத நேர் சீட் போஸ்ட் போடலாம், ஹேண்டில்பார புடிச்சிருக்கற ஸ்டெம் குட்டையா மாத்தலாம். ஆனா அப்படி பண்ணிட்டு வழக்கம்போல டிராப்ஸ்ல (ஹேண்டில்பாரோட கீழ் வளைவுல) புடிச்சு ஓட்டினா ஏதோ அடுத்தவங்க பைக்ல ஏறி உக்காந்த மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் புடிக்கணும், அதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும், தினம் அஞ்சு மில்லிமீட்டர் ஆலன் கீயோட மல்லுக்கட்டணும்.

கியர் விஷயமும் டிடி பக்கம்தான். அதுல கியர் லிவர் ஏரோ பார் நுனில, விரல்லயே இருக்கும், குனிஞ்ச படியே மாத்திக்கலாம். ரோட் பைக்ல ஒவ்வொரு தடவையும் எழுந்து வரணும், அதனால ஏற்ற இறக்கம் மாறி மாறி வர்ற ரூட்ல சோம்பேறித்தனமா தப்பான கியர்லயே மிதிச்சிட்டு கிடப்போம், தொடை அதுக்கான பில்ல ஓட்டத்துல அனுப்பும். எலக்ட்ரானிக் ஷிஃப்ட்டிங் இருந்தா பார் நுனில ஒரு பட்டன் ஒட்டிக்கலாம், இந்த பிரச்சனை போச்சு. பிரேக்குக்கு ரெண்டு பைக்லயும் கைய எடுத்து வெளிய வரணும், அதுல யாருக்கும் சலுகை இல்ல.

என் ரெண்டாவது ரேஸ் கதைக்கு வரேன். ஃப்ரெண்டும் நானும் ஒரே உயரம், அதனால பைக்கும் பொருந்தும்னு நெனச்சோம். ரேஸுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப வாங்கி மொத்தமே நாலு தடவ ஓட்டிருப்பேன், அதுலயும் ரெண்டு தடவ வீட்டுக்குள்ள ட்ரெய்னர்ல (பைக்க நகராம நிறுத்தி வச்சு மிதிக்கிற ஸ்டாண்ட்). அவரோட பொசிஷன் முழங்கை பேட் சீட்ட விட நல்லா கீழ, அவரு பத்து வருஷமா ஓட்டற ஆளு. ரேஸ்ல முதல் 50 கிலோமீட்டர் பறந்தேன், பொய் இல்ல, அந்த சக்கரம் போடற வூம் வூம் சத்தம் கேக்கறப்ப நம்மளும் ஏதோ ப்ரோ மாதிரி ஒரு மிதப்பு வரும் பாருங்க. 55 தாண்டினதும் கழுத்து பின்னாடி யாரோ கட்டைவிரல வச்சு அழுத்தற மாதிரி ஆரம்பிச்சது. 60க்கு மேல முன்னாடி ரோட்ட பாக்க தலைய தூக்க முடியல, முன் சக்கரத்தயும் என் வாட்டர் பாட்டிலயும் மட்டும் பாத்துட்டு ஓட்டறேன், அது எவ்ளோ ஆபத்துன்னு தெரிஞ்சும். கடைசி 30 கிலோமீட்டர் நிமிர்ந்து உக்காந்து பேஸ் பார (பிரேக் இருக்கற வெளிப்பக்க ஹேண்டில்பார்) புடிச்சுத்தான் வந்தேன். அங்க உக்காந்தா டிடி பைக்குக்கு ஒரு அர்த்தமும் இல்ல, நெஞ்சு பாய்மரம் மாதிரி காத்த வாங்குது, கியர் மாத்தணும்னா கைய எட்டி பார் நுனிக்கு கொண்டு போகணும், ரோட் பைக்கே தேவலன்னு ஆயிடும்.

நேரம் என்னன்னு கேட்டா, ரோட் பைக்ல முதல் ரேஸ் பைக் 3:18, ஓட்டம் 2:21. கடன் பைக்ல 3:09, ஓட்டம் 2:38. ஒம்போது நிமிஷம் வரவு, பதினேழு நிமிஷம் செலவு. வெயிலும் கொஞ்சம் கூட இருந்துச்சு, முதல் 50ல நான் அவசரப்பட்டதும் உண்மை, எல்லா பழியையும் பைக் தலைல போடல. ஆனா ஓட்டத்துல முதல் மூணு கிலோமீட்டர் கீழ் முதுகு பலகை மாதிரி இறுகிப்போய் நிமிரவே முடியாம நடந்தேன்ல, அது பொசிஷன் பண்ண வேலைதான்.

இதனால சொல்றேன், எந்த பைக் வேகம்ங்கிற கேள்வியே நம்மளுக்கு தப்பு. எந்த பைக்ல மூணு மணி நேரம் குனிஞ்சே இருக்க முடியுது, அதான் கேள்வி. ட்ரெய்னர்ல போட்டு ஏரோ பார்ல இருந்து எழாம எத்தன நிமிஷம் தாங்குறீங்கன்னு ஒரு தடவ ஸ்டாப்வாட்ச் வச்சு பாருங்க. பத்து நிமிஷத்துல எழுந்துட்டீங்கன்னா எவ்ளோ விலை குடுத்து வாங்கினாலும் 90 கிலோமீட்டர் நிமிர்ந்துதான் ஓட்டப் போறீங்க. சீட்டும் இதுல ஒரு காரணம், முன்னாடி உருண்டு உக்காந்தா எடை எல்லாம் சீட் மூக்குல வரும், மரத்துப்போகும், நடுவுல பிளந்த மாதிரி வர்ற சீட்டுங்க அதுக்குத்தான். ரோட் பைக்ல பழைய சீட்ட வச்சிக்கிட்டே ஏரோ பார்ல குனிஞ்சு அவஸ்தைப்படறவங்கதான் அதிகம், பார் மேல பழிய போடுவாங்க.

பயிற்சி பக்கம் ரோட் பைக்குக்கு போட்டியே இல்ல. க்ரூப் ரைடுக்கு ஏரோ பார்ல படுத்துக்கிட்டு வந்தா யாரும் பக்கத்துல சேக்க மாட்டாங்க, சேக்கவும் கூடாது, கை பிரேக்ல இல்ல. மலை ஏற்றம், வளைஞ்சு வளைஞ்சு இறங்கற ரோடு, கொத்துன ரோடு, எல்லாத்துலயும் ரோட் பைக் நிம்மதி. ரேஸ்ல மட்டும் முன்னாடி போறவர் பின்னாடி ஒட்டிக்கிட்டு போகக்கூடாது, பெரும்பாலான ரேஸ்ல 12 மீட்டர் இடைவெளி, தாண்டறதா இருந்தா 25 செகண்டுக்குள்ள தாண்டிடணும், அதனால டிடி பைக் அங்க தனியா ஓடற வரைக்கும் ராஜா. வருஷத்துக்கு ஒரு ரேஸ், மீதி நாள் எல்லாம் கூட்டத்தோட ரைடுன்னா எந்த பைக் வீட்ல தூசி புடிக்கும்னு நீங்களே சொல்லுங்க.

அப்புறம் சுண்டைக்காய் கால் பணம் சுமைக்கூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்களே, அது டிடி பைக்குக்கே சொன்னது. கேபிள் எல்லாம் உள்ளுக்குள்ள ஓடும், ஃப்ளைட்ல கொண்டுபோக பெட்டில போடறப்ப முன்னாடி பாகத்த பிரிச்சா திரும்ப சேக்கறது ஒரு சாயங்கால வேலை. அந்த கடன் பைக்ல பயிற்சில பஞ்சர் ஆச்சு, ட்யூப் மாத்தத் தெரியும்ங்கிற தெனாவட்டுல ரோட்டோரம் உக்காந்து டயர கழட்டி என் பைல இருந்த ட்யூப போட்டா வால்வு ரிம் உள்ளயே நிக்குது. ரிம் 60 மில்லிமீட்டர் ஆழம், என் ட்யூப் வால்வு 48. பம்ப் புடிக்க நுனியே வெளிய வரல, நாலு கிலோமீட்டர் பெடல்ல மாட்டற க்ளீட் ஷூவோட டக்கு டக்குன்னு நடந்தேன். ஆழமான ரிம்னா 80 மில்லிமீட்டர் வால்வு இல்ல எக்ஸ்டென்டர், மறந்துடாதீங்க.

கிளிப்-ஆன் பக்கமும் ஒரு எச்சரிக்கை இருக்கு. வட்டமான 31.8 மில்லிமீட்டர் ஹேண்டில்பார்னா எது வேணா மாட்டலாம், தட்டையா வர்ற ஏரோ ஹேண்டில்பார்ல கவ்வாது. கார்பன் பாரா இருந்தா கிளிப்-ஆன் போட கம்பெனி அனுமதி குடுத்திருக்கான்னு பாத்துட்டுதான் ஸ்க்ரூவ முறுக்கணும், எவ்ளோ முறுக்கறோம்னு காட்டற டார்க் ரெஞ்ச் வச்சு, கைவாக்குல இல்ல.

என் முடிவ கேட்டா, முதல் ரெண்டு மூணு ரேஸ் வரைக்கும் ரோட் பைக்கும் கிளிப்-ஆனும்தான். மிச்சம் புடிச்ச காசுல ஒழுங்கா ஒரு பைக் ஃபிட் (பைக்க உங்க உடம்புக்கு ஏத்தபடி சரிபண்றது), உடம்போட ஒட்டற ட்ரை சூட், நல்ல டயர். அதுக்கப்புறமும் ஏரோ பார்ல ரெண்டு மணி நேரம் அலட்டாம கிடக்கறீங்க, ரூட்டும் சமதரைதான், தனியாத்தான் ஓட்டறீங்கன்னா தாராளமா டிடி பைக் வாங்குங்க, அப்ப அது குடுக்கற அஞ்சாறு நிமிஷம் நிஜமாவே உங்களோடது. செகண்ட் ஹேண்ட்ல பாக்கறதா இருந்தா சீட் போஸ்ட்டயும் ஹேண்டில்பார் உயரத்த முடிவு பண்ற முன் ஃபோர்க் ஸ்டீரர் குழாயையும் எவ்ளோ வெட்டியிருக்காங்கன்னு முதல்ல கேளுங்க. குட்டையா வெட்டின குழாய திரும்ப நீட்ட முடியாது, உங்க கழுத்துக்கு வேண்டிய உயரம் அதுல வரலன்னா எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் விட்டுட்டு வந்துடுங்க.